கேத்தி பக்கத்து ஓடை: எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது, வெயிலில் ஏன் இளைக்கிறது?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது. நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் அவருடைய ஹட்டிக்கு (படகர் ஊருக்கு) கீழே ஒரு ஓடை போகிறது. மேப்பில் அதற்குப் பெயர் கிடையாது. அவருடைய அப்பா காலத்தில் ஏப்ரல் மாதத்திலும் துணி துவைக்கிற அளவுக்குத் தண்ணீர் ஓடியதாம். இப்போது பிப்ரவரியிலேயே இளைத்துவிடுகிறது. அது எங்கே தொடங்குகிறது, எந்த ஆற்றில் சேர்கிறது, எவ்வளவு நிலம் அதற்குத் தண்ணீர் தருகிறது, மழை குறைந்ததால்தான் வற்றுகிறதா, ஊரில் பேசிக்கொள்வதுபோல ஒரு தடுப்பணை கட்டினால் சரியாகுமா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: தடுப்பணை உங்கள் ஏப்ரல் தண்ணீரைத் திருப்பித் தராது. ஏன் என்று கணக்கோடு கீழே வருகிறது. அதற்கு முன் ஓடை எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம்.

நீலகிரியின் நடுவில் 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நிற்கிறது. அந்த மலைத்தொடரின் மேற்குச் சரிவில் விழும் மழை ஊட்டிப் பக்கம் இறங்கி, ஏரி வழியாகப் போய், கல்லட்டி அருவியில் விழுந்து சீகூர் ஆறாக மாயாற்றில் சேர்கிறது. தெற்குச் சரிவில் விழுவது உங்கள் பக்கம் வருகிறது. கேத்தி பள்ளத்தாக்கின் சின்ன ஓடைகள் ஒன்றோடொன்று சேர்ந்து காட்டேரி ஓடையாகின்றன. காட்டேரி அருவியில் விழுந்த பிறகு, குன்னூருக்குக் கீழே மலைச்சரிவில் அது குன்னூர் ஆற்றோடு கலக்கிறது. அங்கிருந்து பர்லியார், கல்லாறு பக்கமாக இறங்கி மேட்டுப்பாளையம் அருகே பவானியில் சேர்ந்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தக் காட்டேரி தண்ணீரில் மின்சாரம் எடுத்து அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையை ஓட்டினார்கள். ஆக, பெயர் இல்லாத உங்கள் ஓடைக்கும் அதில் ஒரு சின்னப் பங்கு உண்டு.

தொட்டபெட்டா முகட்டில் பிரிந்துபோன இரண்டு தண்ணீரும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. மாயாறு வடக்கே சுற்றிக்கொண்டு வருகிறது, பவானி தெற்கிலிருந்து வருகிறது, இரண்டும் பவானிசாகர் அணையில் கலக்கின்றன. 1955-இல் கட்டி முடித்த அணை அது. கோபி, சத்தியமங்கலம் பக்கத்து வயல்காரர்கள் தினமும் பேப்பரில் பார்க்கிற 105 அடி நீர்மட்டக் கணக்கில் உங்கள் ஹட்டித் தண்ணீரும் இருக்கிறது. இதற்கு விலக்கு மேற்கு ஓரம்தான். கூடலூர், தேவாலா பக்கத்தில் பாண்டியாறும் புன்னம்புழாவும் சாலியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போய்விடும். மற்றபடி நீலகிரித் தண்ணீரில் பெரும்பகுதி பவானி வழியாகக் காவிரிக்குத்தான். பழனி மலையில் இருந்து யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி இருக்கும். அங்கே முகட்டுக்கு வடக்கே விழுந்தால் பாலாறு, பொருந்தலாறு வழியாக அமராவதி. தெற்கே விழுந்தால் மஞ்சளாறு, வராக நதி வழியாக வைகை. இரண்டும் பிறகு சந்திப்பதே இல்லை.

சரி, இப்போது எல்லைக்கு வருவோம். ஓடையின் நீர்ப்பிடிப்பு நிலம் ஒரு முறம் மாதிரி: மூன்று பக்கம் உயர்ந்திருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். திறந்த வாய் எது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்கு ஊருக்குக் கீழே உள்ள சிறுபாலத்தை வாயாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாலத்துக்குக் கீழே வருகிற தண்ணீருக்கு எந்த நிலமெல்லாம் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு இருக்கும். நீலகிரி 58ஏ வரிசைத் தாள்களில் வருகிறது. பாலத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து இடது பக்கமும் வலது பக்கமும் உயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டியபடி மேலே ஏறுங்கள். கோடுகள் மேட்டை நோக்கிக் குவிந்து வளைந்தால் அது பள்ளம், தண்ணீர் ஓடும் இடம். பள்ளத்தை நோக்கித் துருத்திக்கொண்டு வளைந்தால் அது முகட்டின் மூக்கு, தண்ணீர் பிரியும் இடம். உங்கள் கோடு எப்போதும் மூக்குகளின் மேலேயே போக வேண்டும், எந்தப் பள்ளத்தையும் குறுக்கே கடக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஏறிப்போன கோடுகள் உச்சியில் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஒரே சிக்கல், இந்த அளவில் ஒரு சதுர கிலோமீட்டர் நிலம் தாளில் இரண்டு சென்டிமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். பென்சில் முனை கொஞ்சம் தடித்தாலும் பத்து ஏக்கர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும்.

கம்ப்யூட்டரில் செய்கிறவர்கள் விண்வெளியிலிருந்து அளந்த உயரத் தரவை எடுத்து, ஒரு பட்டனை அழுத்தி எல்லையை வரவழைத்துவிடுகிறார்கள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் பலரும் பயன்படுத்துகிற இலவசத் தரவு 2000 பிப்ரவரியில் விண்ணோடத்தில் இருந்து ரேடாரால் எடுத்தது. அடர்ந்த தோப்பு இருந்த இடத்தில் அது தரையைச் சரியாகப் பார்க்காது, மரத்தலைகளுக்குள் எங்கேயோ ஒரு உயரத்தைத்தான் குறித்துக்கொள்ளும். அப்போது நெடுநெடுவென்று கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நின்ற இடம் இந்தத் தரவில் ஒரு சின்னக் குன்று போலத் தெரியலாம். நம் மலையில் முகட்டோரங்களில்தான் இப்படிப்பட்ட தோப்புகள் அதிகம் என்பதால் எல்லை நகர்ந்துபோக வாய்ப்பு உண்டு.

அதனால் மேப் எதைச் சொன்னாலும் ஒரு நல்ல மழை நாளில் குடையோடு முகட்டுச் சாலைக்குப் போய்ப் பாருங்கள். அங்கேதான் எந்த மேப்பிலும் வராத விஷயம் தெரியும். சாலையோரக் கால்வாய் மேல்சரிவின் தண்ணீரை வாங்கிக்கொண்டு நீளமாக ஓடி, ஒரு திருப்பத்தில் குழாய் வழியாக அடுத்த பள்ளத்துக்குள் கொட்டும். இயற்கை உங்களுக்குக் கொடுத்த மூன்று ஏக்கரைச் சாலை பக்கத்து ஓடைக்கு எழுதிவைத்துவிட்டிருக்கும். சில இடங்களில் நேர்மாறாக, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத தண்ணீர் உங்கள் பள்ளத்தில் வந்து விழும். அப்படி விழுகிற இடங்களில் பெரும்பாலும் மண் அறுத்துக்கொண்டு போயிருக்கும். தேயிலைத் தோட்டத்து வடிகால்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

உங்கள் பகுதியில் ஒரு சராசரி ஓடைக்கு மேலிருந்து கீழே வந்தால் காட்சி ஏறக்குறைய இப்படி இருக்கும்: உச்சியில் கற்பூர மரமும் சீகை (வாட்டில்) மரமும், மிஞ்சிய ஒரு மடிப்பில் கொஞ்சம் சோலை என்கிற பழைய மலைக்காடு, அதற்குக் கீழே தேயிலை, இடையிடையே சில்வர் ஓக், சரிவின் நடுவில் ஹட்டி, அடியில் சமதளமாக இருக்கிற இடத்தில் கேரட், பீட்ரூட், பூண்டு. அந்த அடிச் சமதளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

பள்ளிக்கூடத்தில் ஆற்றுக்கு இளமை, நடுவயது, முதுமை என்று சொல்லிக்கொடுப்பார்கள். மலையில் துள்ளும், சமவெளியில் நிதானமாக வளைந்து நடக்கும் என்று. நீலகிரி ஓடைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. 1,800 முதல் 2,300 மீட்டர் வரை இந்த மலையின் மேல்தளம் மிகப் பழைய, தேய்ந்து உருண்ட மேட்டுநிலம். அதன்மேல் ஓடை கிழவர் போல வளைந்து வளைந்து, சதுப்பில் நின்று நின்று போகும். மேட்டுநிலத்தின் விளிம்புக்கு வந்ததும் ஒரே பாய்ச்சல். காட்டேரி அருவி, பர்லியார் சாலையில் லாஸ் அருவி, கோத்தகிரி பக்கம் கல்லாற்றின் தலையில் கேத்தரின் அருவி, சீகூரில் கல்லட்டி என்று அருவிகளின் பெயர்களை வரிசையாக மேப்பில் குறித்துப் பாருங்கள். மலையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதையே அவை வரைந்து காட்டிவிடும். அடியில் இருப்பது சார்னகைட் என்கிற கடும்பாறை. விளிம்பில் அதை அறுத்துப் பின்னால் நகர்வது அருவிக்குச் சுலபமான வேலை இல்லை. அதனால்தான் மேலே பழைய நிலம் இன்னும் அப்படியே பிழைத்திருக்கிறது.

இந்தப் பாறை விரிசல் விட்ட திசையிலேதான் பெரிய பள்ளத்தாக்குகள் போகின்றன. மாயாறு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக ஓடுவது அதனால்தான், அது பூமிக்குள் மிக ஆழமாகப் போகிற ஒரு உடைப்புக் கோடு. உங்கள் ஓடையிலும் சந்தேகப்படும்படி நேராக ஒரு துண்டு இருந்தால், பக்கத்தில் ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.

இனி மழை. உங்கள் பள்ளத்தாக்கு தென்மேற்குப் பருவமழைக்குப் பின்வாசல், வடகிழக்குப் பருவமழைக்கு முன்வாசல். ஜூன், ஜூலையில் மேற்கே அவலாஞ்சியும் நடுவட்டமும் நனைந்து ஊறிக்கிடக்கும்போது உங்களுக்குச் சாரல்தான் வரும். அக்டோபர், நவம்பரில் நிலைமை திரும்பும். ஒரே சின்ன மாவட்டத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு நாட்களைச் சொன்னால் போதும். 2009 நவம்பர் 10 அன்று பதிவான கணக்கில் கேத்தியில் ஒரே நாள் மழை 82 சென்டிமீட்டர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல். இரண்டு ஊருக்கும் இடையே தூரம் அதிகம் இல்லை. ஆனால் ஒன்று வடகிழக்கின் வேலை, மற்றது தென்மேற்கின் வேலை.

2009-ஐ உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மண்சரிவில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மழையை உங்கள் ஓடைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர்ப்பிடிப்பு ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 250 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 82 சென்டிமீட்டர் என்றால் 82 கோடி லிட்டர். நாள் முழுக்கச் சமமாகப் பெய்திருந்தாலே விநாடிக்கு 9,500 லிட்டர். எல்லாமே ஓடிவராது, மண் கொஞ்சம் குடிக்கும். ஆனால் நவம்பரில் ஏற்கெனவே ஊறிப்போன மண் எவ்வளவுதான் குடிக்கும்? குடித்தால் அடுத்த ஆபத்து, எடை கூடிச் சரிவோடு இறங்கிவிடும். 1978, 1993 சரிவுகளும் இதே பருவத்தில் வந்தவைதான். 1993-இல் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையே மரப்பாலத்தில் அறுந்துபோனது.

இந்த விநாடிக்கு 9,500 லிட்டரை மனதில் வைத்துக்கொண்டு, இப்போது பிப்ரவரி ஓடைக்கு வாருங்கள். ஒரு சின்ன பாறை விழுகிற இடத்தில் குழாய்த் துண்டை வைத்துத் தண்ணீரை ஒருமுகப்படுத்தி, 15 லிட்டர் வாளியைப் பிடிக்கிறீர்கள். ஐந்து விநாடியில் நிறைகிறது என்றால் விநாடிக்கு 3 லிட்டர். வெள்ள நாளில் வந்ததற்கும் இதற்கும் மூவாயிரம் மடங்கு வித்தியாசம். ஆனாலும் இந்த 3 லிட்டரை அலட்சியமாகப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு அது 2 லட்சத்து 59 ஆயிரம் லிட்டர். மழை இல்லாத மூன்று மாதத்துக்குச் சுமார் 2 கோடியே 30 லட்சம் லிட்டர்.

ஆண்டு முழுக்க அந்த 250 ஏக்கரில் ஒரு பேச்சுக்கு 130 சென்டிமீட்டர் மழை என்று வைத்தால் 130 கோடி லிட்டர். அப்படியென்றால் வெயில் காலத்து ஓடை முழுவதும் சேர்ந்து, பெய்த மழையில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. உங்கள் எல்லாக் கேள்விக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை. மழை பத்து சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் கோடை ஓடை அதே அளவில் கூடிக் குறைவதில்லை. அந்த இரண்டு பங்கை மலை எங்கே வைத்திருக்கிறது, எவ்வளவு மெதுவாக விடுகிறது, வழியில் யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் உங்கள் ஏப்ரலைத் தீர்மானிக்கிறது.

எங்கே வைத்திருக்கிறது? சதுப்பு நிலம்தான் தண்ணீரைச் சேமிக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. ஒரு ஹெக்டேர் சதுப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கரிய மண் இருந்து, அதில் பத்தில் ஒரு பங்கு வடியக்கூடிய தண்ணீர் என்று வைத்தாலும் 10 லட்சம் லிட்டர். உங்கள் ஓடைக்கு அது நான்கு நாள் தண்ணீர், அவ்வளவுதான். உண்மையான இருப்பு சரிவுகளுக்கு அடியில் இருக்கிறது. பாறை உளுத்துப் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகி, அதற்குக் கீழே பாதி உளுத்த கல்லாக இருக்கிறதே, அங்கே. 250 ஏக்கரில் ஐந்து மீட்டர் ஆழம், நூற்றில் ஐந்து பங்கு வடியும் தண்ணீர் என்றாலும் 25 கோடி லிட்டர் வருகிறது. மூன்று மாதத்துக்குத் தேவையானதைப் போலப் பத்து மடங்கு.

பிறகு சதுப்பு எதற்கு? அது நிலத்தடி நீர் வெளியே வரும் வாய் எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்று பிடித்துவைக்கிறது. சதுப்பு ஊறி நிற்கிறவரை பின்னால் சரிவுக்குள் நீர்மட்டம் உயரத்தில் நிற்கும், கசிவு மெதுவாக வரும். அதன் நடுவே இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, காயவைத்து, கேரட் போட்டால் என்ன ஆகும்? சதுப்பில் இருந்த நான்கு நாள் தண்ணீர் போகட்டும். சரிவுக்குள் இருக்கும் நீர்மட்டமே அந்த வாய்க்கால் அடிக்கு இறங்கத் தொடங்கும். ஏப்ரலில் வந்திருக்க வேண்டிய தண்ணீர் டிசம்பர், ஜனவரியிலேயே ஓடிவிடும். நான் மேலே நினைவில் வைக்கச் சொன்ன அடிச் சமதளத்தில் பல இடங்கள் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட சதுப்புகள்தான். விவசாயியைக் குறை சொல்ல முடியாது. மலையில் சமமான, கரிய, ஈரமான மண் வேறு எங்கே கிடைக்கும்? ஊட்டிக்கு நடுவில் அரசாங்கமே இப்படி ஈர நிலத்தை எடுத்திருக்கிறது. 1823-இல் தொடங்கி கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஊட்டி ஏரி இன்றைக்கு இருப்பதைவிடப் பெரியது, குதிரைப் பந்தய மைதானமும் பஸ் நிலையமும் பழைய ஏரி நிலத்தில்தான் நிற்கின்றன.

இந்தச் சதுப்புகளின் வயதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். சாண்டிநல்லா பக்கத்துக் கரிய மண்ணை ஆராய்ந்தபோது அதன் அடி அடுக்குகள் இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று தெரிந்தது. புல்லும் சோலையும் காலநிலைக்கேற்ப மாறி மாறிக் கூடிக் குறைந்த கதை அதில் பதிவாகியிருக்கிறது. மேட்டுப் புல்வெளி மனிதன் காட்டை வெட்டியதால் வந்த வெற்று நிலம், மரம் நட்டால் நல்லது என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பதில்.

மரத்தைப் பற்றியும் கேட்பீர்கள். கற்பூர மரம் தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று மலையில் டீக்கடைக்கு டீக்கடை சொல்வார்கள், அதற்கு அளந்த ஆதாரம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஊட்டியில் உள்ள மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் சுமார் 32 ஹெக்டேர் அளவில் இரண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகள் இரண்டையும் அப்படியே அளந்துவிட்டு, 1972-இல் ஒன்றில் மட்டும் 59 சதவீத நிலத்தில் கற்பூர மரம் நட்டது. மற்றது புல்வெளியாகவே விடப்பட்டது. முதல் பத்தாண்டில் மரம் வைத்த பக்கத்தில் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கவிட்ட இரண்டாம் பத்தாண்டில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறதே, துளிர் முதல் நாளிலிருந்தே குடிக்கத் தொடங்கிவிடும்.

ஆண்டுக் கணக்கைவிட முக்கியம், கோடை நீர் அதைவிடப் பல மடங்கு அடி வாங்கியது. எதிர்பார்க்க வேண்டியதுதான். பெய்த மழையில் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டுமே உள்ள கோடை நீரை ஆழமான வேர் தொட்டுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

இதைப் படித்துவிட்டு நாளைக்கே கோடாலியை எடுக்க வேண்டாம். வெட்டினால் துளிர்க்கும், சீகை என்றால் விதை மண்ணில் கிடந்து ஆயிரக்கணக்கில் முளைக்கும். வேரோடு எடுத்தால் செங்குத்துச் சரிவில் அடுத்த நவம்பர் மழைக்கு மண் நிற்காது. வனத்துறை நிலமா, வருவாய் நிலமா, பட்டாவா என்பதும் இருக்கிறது, மலைப்பகுதியில் பட்டா மரத்துக்கும் அனுமதி வேண்டும். என்னைக் கேட்டால், ஊற்றுத்தலையைச் சுற்றியும் ஈரப்பள்ளத்தின் இரு கரையிலும் இருக்கிற அந்நிய மரங்களில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, துளிரைத் தொடர்ந்து கிள்ளி, இடத்தைப் புல்லுக்கும் சோலை மரத்துக்கும் விடுவதுதான் உருப்படியான வழி. உச்சித் தோப்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஈரத்தில் கால் வைத்து நிற்கிற மரம் வெயில் காலம் முழுக்கக் குடிக்கும். உச்சியில் நிற்பதற்கு அந்த வசதி குறைவு.

அடுத்து, வழியில் எடுப்பவர்கள். இதைச் சொன்னால் ஊரில் கோபப்படுவார்கள், ஆனால் கணக்கு எளிது. ஒரு ஏக்கர் கேரட்டுக்கு வெயில் நாளில் 4 மில்லிமீட்டர் தண்ணீர் ஸ்பிரிங்க்ளரில் கொடுத்தால் 16,000 லிட்டர். உங்கள் ஓடையின் ஒரு நாள் தண்ணீர் 2 லட்சத்து 59 ஆயிரம். வகுத்துப் பாருங்கள், 16 ஏக்கர். பள்ளத்தின் அடியில் பதினாறு ஏக்கர் கேரட் இருந்தாலே ஓடை முழுவதும் காலி. அப்பா காலத்தில் அதே அடியில் உருளைக்கிழங்கை மழையை நம்பிப் போட்டார்கள் என்றால், அன்றைக்கு ஏப்ரலில் ஓடியதற்கும் இன்றைக்கு ஓடாததற்கும் மழையைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. போதாததற்கு அறுவடையான கேரட்டை மெஷினில் கழுவவும் இதே ஓடைதான். கழுவிய மண் பள்ளத்தில் படிந்து, கொஞ்சநஞ்சம் ஓடுகிற தண்ணீரும் அடியில் மறைந்துபோகும்.

மேல்சரிவில் இன்னொரு இழப்பு நடக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது. இருப்பு நிரம்ப வேண்டுமென்றால் மழை மண்ணுக்குள் இறங்க வேண்டும். கேரட், உருளைப் பாத்திகளைத் தண்ணீர் தேங்காமல் வடிவதற்காகச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் போடுகிறார்கள். வேர் அழுகாது, ஆனால் ஒவ்வொரு பாத்தி இடைவெளியும் ஒரு கால்வாயாகிவிடும். சாலை, காட்டேஜ், சிமெண்ட் முற்றம் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. நவம்பரில் ஓடை முன்பைவிடக் கலங்கலாகவும் வேகமாகவும் வருகிறது, பிப்ரவரியில் முன்பைவிட இளைக்கிறது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னால், இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகம்தான்.

இப்போது தடுப்பணை. பத்து மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் கட்டினால் தண்ணீர் பின்னால் ஒரு முப்பது மீட்டர் தேங்கும். சராசரி ஆழம் முக்கால் மீட்டர் என்று வைத்தால் 225 கன மீட்டர், அதாவது 2 லட்சத்து 25 ஆயிரம் லிட்டர். உங்கள் ஓடையின் ஒரு நாள் தண்ணீர்கூட இல்லை. ஒரு நவம்பர் முடிந்தால் காய்கறித் தோட்டத்து மண் அதில் பாதியை நிரப்பிவிடும், அடுத்த ஆண்டில் அது ஒரு மண்மேடு. சமவெளியில் தடுப்பணை கிணறுகளை நிரப்புவது உண்மைதான். அங்கே மணற்பாங்கான அடி, அகலமான படுகை. இங்கே பள்ளத்தின் அடியில் நிலத்தடி நீர் ஏற்கெனவே ஓடைக்குள் வந்துகொண்டிருக்கிறது, அங்கே தண்ணீரைத் தேக்கி எதற்குள் இறக்குவது? மண் அறுப்பதை நிறுத்த ஓடையின் கிளைப்பள்ளங்களில் சின்னச் சின்னக் கல்தடுப்பு வைப்பது வேறு விஷயம், அதை நான் மறுக்கவில்லை. பெரிய கான்கிரீட் சுவருக்கு வருகிற பணத்தை வைத்து, ஊற்றுத்தலைச் சதுப்பில் வெட்டிய வாய்க்காலை அங்கங்கே மண்ணும் கல்லும் போட்டு அடைத்து மட்டத்தை உயர்த்தலாம். அந்த நிலத்துக்காரருக்கு ஈடும் கொடுக்கலாம். ஈடு இல்லாமல் யாரும் கேரட் நிலத்தைச் சதுப்புக்கு விட்டுத் தர மாட்டார்கள், விடச் சொல்லிக் கேட்பதும் நியாயம் இல்லை.

எதையும் செய்வதற்கு முன் அளந்துகொள்ளுங்கள், ஒரு வாளியும் செல்போன் கடிகாரமும் போதும். ஒரே இடத்தில் அளக்காமல் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: சதுப்பைத் தாண்டி ஓடை முதலில் உருவாகிற இடம், தேயிலை முடிந்து காய்கறி தொடங்கும் இடம், கீழே சிறுபாலம். ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை, வாரம் ஒருமுறை, மழை பெய்த இரண்டு மூன்று நாளைத் தவிர்த்து. ஒவ்வொரு முறையும் இரண்டு வேளை: மோட்டார் போடுவதற்கு முன் விடியற்காலையில் ஒன்று, மதியம் மூன்று மணிவாக்கில் ஒன்று. மேலே முதல் இடத்திலேயே விடியலுக்கும் மதியத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். பகலில் கரையோர மரங்கள் குடிப்பது அது, மோட்டாரே இல்லாவிட்டாலும் இருக்கும். இரண்டாவது இடத்துக்கும் பாலத்துக்கும் நடுவில் மதியத்தில் காணாமல் போவதுதான் தோட்டங்கள் எடுப்பது. மேலே முதல் இடத்திலேயே விடியற்காலைத் தண்ணீர் வாரத்துக்கு வாரம் வேகமாக இறங்கினால் பிரச்சினை சதுப்பிலும் தோப்பிலும் இருக்கிறது. மேலே நிதானமாக நின்று பாலத்தில் மட்டும் நின்றுபோனால் பிரச்சினை கேரட்டில் இருக்கிறது, அதற்கு மேலே போய் மரத்தை வெட்டிப் பயனில்லை, முறை வைத்துத் தண்ணீர் எடுக்க ஊர்க்கூட்டத்தில்தான் பேசியாக வேண்டும்.